சாவி தொங்கிய ஆணி

“ஆசானே, நான் தேறிட்டேனா, இல்லையா? ஒரு வார்த்த சொல்லுங்க” என்று தாணுமாலயன் கேட்டார்.

கேட்டவருக்குத் தலை முழுக்க நரை. பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு, பென்ஷனோடு நாகர்கோவிலுக்குத் திரும்பி வந்தவர். அவர் ஆசான் என்று கூப்பிட்ட ஜெபமலருக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும். அவளுக்கு நிறைமாசம் வேறு.

வடசேரியில் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடியில், அவள் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறவரை ஆசான் என்று கூப்பிடுகிற ஊர் அது. தாணு அந்தப் பேரைத் தூக்கிக்கொண்டு வந்து இவள் தலையில் வைத்துவிட்டார். முதலில் விளையாட்டுக்குத்தான். அப்புறம் வருகிறவன் போகிறவன் எல்லாம் அவளை ஆசான் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

ஜெபமலர் வீங்கிய காலை ஓர் அட்டைப்பெட்டி மேல் தூக்கி வைத்து, பழைய கீபோர்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“வெள்ளிக்கெழம எங்க அம்ம வீட்டுக்குப் போறேன்ணே. திரும்பி வர மழக்காலம் ஆயிரும்.”

“தெரியும். அதான் கேக்கேன்.”

“உங்ககிட்ட விட்டுட்டுப் போகலாமா, சாத்திட்டுப் போகணுமான்னு நானும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.”

தாணுவின் கண் தானாகச் சுவருக்குப் போனது. அங்கே ஓர் ஆணி. ஆணியில் கடைச்சாவி. காலையில் கடை திறந்ததும் அவள் மாட்டுவாள், சாயங்காலம் எடுத்துக்கொண்டு போவாள். இத்தனை நாளில் தாணு அதைத் தொட்டதில்லை.

பென்ஷன் வாங்கி வீட்டில் சும்மா இருந்த காலத்தில் மனுஷர் பட்ட பாடும் படுத்தின பாடும் கொஞ்சமில்லை. அடுக்களையில் டப்பாக்களை உயர வரிசைப்படி நிறுத்தி வைத்தார். மிளகாய்த்தூள் டப்பா கிடைக்காமல் அவர் மனைவி பகவதி ஒரு நாள் முழுக்கக் கத்தினாள். “எங்கயாவது வெளிய போய்த் தொலையுங்களேன்” என்று அவள் சொன்ன நல்ல நேரம், பேக்கரிக்கு ரஸ்க் வாங்க வந்தவர், மேலே ஏறி வந்துவிட்டார். வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து அவளிடம் வேலை கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கடையைச் சாத்தினால் திரும்பவும் டப்பாதான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே மரிக்கொழுந்து வாசம் வந்தது.

“ஆசானே! என் உசிர வாங்குது இந்தச் சவம்!”

வந்தவள் நாகவேணி. பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளைக்காரி. கல்யாண மேடைக்குப் பூ அலங்காரம் செய்கிறவள். எந்தத் தூணில் எந்தப் பூ, எங்கே சரம், எங்கே பந்து என்று முதலில் லேப்டாப்பில் படம் போட்டுப் பெண் வீட்டாருக்குக் காட்டுவாள். அவர்கள் தலையாட்டினால்தான் பூவே வாங்குவாள். அவள் படம் போடுகிற சாஃப்ட்வேர் அவளைப் போலவே பிடிவாதம் பிடித்தது. புது மெஷின் எதிலும் ஏற மாட்டேன் என்றது. ஆகவே அந்தப் பழைய லேப்டாப்பைப் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

“என்ன செய்யுது?” என்று ஜெபமலர் கேட்டாள்.

“கோடு கோடா விழுது. செவப்புப் பூவெல்லாம் ஊதாவா தெரியுது. ஸ்கிரீன லேசா அசைச்சா ஆடுது. வெள்ளிக்கெழம பொண்ணு வீட்டுக்காரங்க வாராங்க. பெரிய இடம். இந்தப் படத்தக் காட்டலன்னா வேற ஆளப் பாத்துருவாங்க.”

ஜெபமலர் தாணுவைப் பார்த்தாள்.

“தேறிட்டேனான்னு கேட்டீங்களேண்ணே? இது உங்க மெஷின். நான் பாக்க மாட்டேன்.”

தாணு எழுந்து நின்றார். பழைய பழக்கத்தில் கையைத் தூக்கி சல்யூட் அடித்துவிடுவார் போல இருந்தது. தூக்கின கையை நாகவேணி பார்த்துவிட்டாள்.

“அண்ணாச்சி, கையில என்ன புதுசா? வளையல் எல்லாம் போட்டுருக்கீங்க!”

“அது செம்பு. பிரஷருக்கு. இன்னைக்குக் காலையிலதான் வீட்டுல மாட்டி விட்டா. சுசீந்திரம் தேர்த்திருவிழாக் கடையில வாங்கினாளாம். ரத்தத்த ஒழுங்கா ஓட வைக்கும்னு கடக்காரன் சத்தியம் பண்ணினானாம்.”

“கழட்டிராதீங்க. அக்கா கொன்னுருவா.”

“அதான் கழட்டல.”

இந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் கொண்டு வருகிறவரை ஜெபமலர் ஜன்னலோரம் இருக்கிற பிரம்பு நாற்காலியில் உட்கார வைப்பாள். கீழே இருந்து சாயா வரும். குடித்து முடிக்கிற வரைக்கும் அவர் தன்னுடைய மெஷினில் தன்னுடைய வேலையைப் பார்க்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் அவள் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவாள். எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் இதுதான். சாயா வேண்டாம் என்பவருக்கு வெந்நீராவது கொடுத்து உட்கார வைப்பாள்.

தாணு இதை வியாபார மரியாதை என்று நினைத்திருந்தார். பட்டாளத்தில் மேலதிகாரி வந்தால் பிஸ்கட் தட்டு வைப்பதில்லையா, அது மாதிரி.

“உக்காரும்மா, சாயா சொல்லுதேன்” என்றார்.

“எங்க உக்கார? பூ வண்டி கீழ நிக்கி. வாடிப் போயிரும்.”

“அப்போ வச்சுட்டுப் போ. நான் பாத்துக்கிடுதேன்.”

நாகவேணி ஓடிவிட்டாள். ஜெபமலர் பிரம்பு நாற்காலியை ஒரு தடவை பார்த்தாள்.

தாணுவைக் குறை சொல்லக்கூடாது. கை சுத்தமான கை. மெஷினைத் திறந்தார். ஸ்கிரீனுக்குப் படம் கொண்டு போகிற கேபிள், கீல் பக்கத்தில், அதன் குழியிலிருந்து பாதி கழன்று கிடந்தது. மூடித் திறந்து மூடித் திறந்து வயசான லேப்டாப்புக்கு வருகிற நோவுதான். கேபிளைத் துடைத்தார், குழியில் அழுத்தினார், நாடா ஒட்டினார், மூடினார்.

ஆன் செய்தார். கோடு இல்லை. சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

“ஆசானே, முடிஞ்சுது!”

“வேல பாத்துப் பாருங்க.”

தாணு மெஷினுக்கு முன்னால் வசமாக உட்கார்ந்து, இரண்டு கையையும் வைத்து, தன் பெயரை அடிக்க ஆரம்பித்தார். பாதிப் பேர் வருவதற்குள் ஸ்கிரீன் இருட்டாகிவிட்டது.

மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. ஸ்கிரீன் மட்டும் கரிக்கட்டை.

“என்ன எளவு இது?”

இரண்டு கையையும் தலையில் வைத்தார். வெளிச்சம் வந்தது. அப்பாடா என்று திரும்ப உட்கார்ந்தார். இருட்டாகிவிட்டது.

“ஆசானே, ஒரு தடவ நீங்க தொட்டுப் பாருங்களேன். தொட்டா மட்டும் போதும்.”

ஜெபமலர் நாற்காலியோடு நகர்ந்து வந்தாள். வயிறு இடிக்காமல் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் அடித்தாள். ஒரு படத்தைத் திறந்தாள், பெரிதாக்கினாள், மூடினாள். லேப்டாப் தங்கமான பிள்ளையாக இருந்தது.

“நல்லாத்தானே இருக்கு?” என்று நகர்ந்துகொண்டாள்.

தாணு உட்கார்ந்தார். இருட்டு.

அவருக்குக் கோபமும் பதற்றமும் கலந்து வெப்ராளம் பிடித்துக்கொண்டது. தாணுவுக்கு வெப்ராளம் வந்தால் சும்மா இருக்க மாட்டார். ஏதாவது ஒன்றைக் கழட்டுவார்.

படம் காட்டுகிற டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துப் புதிதாகப் போட்டார். உட்கார்ந்தார், இருட்டு. புதிது ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பழையதைத் தேடிப் போட்டார். இருட்டு. வெளியே ஒரு மானிட்டரை இணைத்துப் பார்த்தார். லேப்டாப் இருண்டு கிடக்க, மானிட்டரில் படம் பளிச்சென்று நின்றது. செல்போன் டார்ச்சை இருட்டு ஸ்கிரீன் மேல் அடித்துப் பார்த்தால், உள்ளே படம் மங்கலாக, குளத்தடியில் கிடக்கிற காசு மாதிரி தெரிந்தது.

“படம் இருக்கு. வெளிச்சம்தான் இல்ல” என்றார்.

“ம்.”

“அப்போ கேபிள்தான்.”

“இருக்கலாம்.”

மறுநாள் வேறு கேபிள் போட்டார். ஜெபமலர் உட்கார்ந்தால் வெளிச்சம், தாணு உட்கார்ந்தால் இருட்டு. செத்துப்போன ஒரு மெஷினிலிருந்து ஸ்கிரீனையே கழட்டி மாட்டினார். அவள் உட்கார்ந்தால் வெளிச்சம், இவர் உட்கார்ந்தால் இருட்டு. மாட்டின ஸ்கிரீனைக் கழட்டி, நாகவேணியின் ஸ்கிரீனையே திரும்ப மாட்டினார்.

“நாகவேணி அக்கா உக்காந்து பாத்தாச்சா?” என்று ஜெபமலர் கேட்டாள்.

“சரியாகாம எப்படிக் கூப்பிட? மானம் போயிரும். சரி பண்ணிட்டுக் கூப்பிடுதேன்.”

அவள் விசிறிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் படி இறங்கும்போது தாணு ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அவள் கையில் ஏதோ இருக்கிறது. கைராசி என்பார்களே, அதேதான். சில பேர் நட்டால் செடி பிழைக்கும், சில பேர் நட்டால் பட்டுப்போகும். தன்னுடையது பட்டுப்போகிற கை. சிக்னல் பிரிவில் எத்தனை ரேடியோவைப் பேச வைத்த கை, இப்போது இப்படி ஆகிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பகவதி பார்த்துவிட்டு, “பிரஷராத்தான் இருக்கும், அந்த வளையலக் கொஞ்சம் மேல ஏத்திப் போடுங்க, அப்பத்தான் நல்லாப் பிடிக்கும்” என்றாள். அவர் ஏற்றிப் போட்டுக்கொண்டார். வேலைக்கு உட்கார்ந்தால் அது எப்படியும் மணிக்கட்டுக்கு இறங்கிவிடும்.

வியாழக்கிழமை வந்துவிட்டது.

தாணு காலையிலேயே மெஷினைத் திறந்து போட்டு, சூடு பரவாமலிருக்க போர்டைச் சுற்றி வெள்ளித்தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சூடான காற்று ஊதுகிற ஹாட் ஏர் கருவி சிவப்பு விளக்கோடு சூடாகிக்கொண்டிருந்தது.

கடையைத் திறந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கீழே போயிருந்த ஜெபமலர் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். அப்போதுதான் பார்த்தாள்.

“என்னண்ணே செய்யப் போறீங்க?”

“கேபிள் இல்ல. ஸ்கிரீன் இல்ல. சாஃப்ட்வேர் இல்ல. மிச்சம் கிராபிக்ஸ் சிப்தான். சூடு காட்டப் போறேன்.”

“காட்டினா?”

“சிப் கால்ல இருக்க ஈயம் இளகிப் பிடிச்சா, பிடிச்சது.”

“பிடிக்கலன்னா?”

தாணு வெள்ளித்தாளின் ஓரத்தை அழுத்தி ஒட்டினார். அவருக்குத் தெரியும். வயசான சிப். சூடு தாங்காவிட்டால் மெஷின் அதோடு முடிந்தது. நாகவேணியின் தூணும் சரமும் அதோடு போய்ச்சேரும்.

“வேற வழி இல்ல ஆசானே. நாளைக்கு அவ படம் காட்டணும். நாளைக்கு நீங்க கெளம்புதீங்க. நான் இன்னைக்கு ஏதாவது ஒண்ணு செஞ்சாகணும்.”

சொல்லும்போது அவருடைய குரல் உடைந்துவிட்டது. பனிமலையில் நின்றபோதெல்லாம் உடையாத குரல். அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஜெபமலர் ஹாட் ஏர் கருவியின் சுவிட்சை அணைத்தாள்.

“மூடுங்க.”

“ஆசானே...”

“மூடுங்கண்ணே. கீழ சாயா சொல்லுங்க. நாகவேணி அக்காவக் கூப்பிடுங்க.”

“சரியாகாத மெஷின...”

“கூப்பிடுங்க.”

கூப்பிட்டார். மெஷினை மூடி ஸ்க்ரூவைப் போட்டபோது ஒரு ஸ்க்ரூ குறைந்தது. மேஜையில் இல்லை. முட்டி வலியோடு கீழே குனிந்து, மேஜைக்கு அடியில் புகுந்து தேடினார். அங்கும் இல்லை. நல்ல காலம் பிறந்த மாதிரிதான் என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். எழும்போது மேஜையில் தலையையும் இடித்துக்கொண்டார்.

நாகவேணி வந்தாள். இந்தத் தடவை பூ வண்டி இல்லை.

“சரியாயிட்டா அண்ணாச்சி?”

தாணு ஆசானைப் பார்த்தார். ஆசான் பிரம்பு நாற்காலியைக் காட்டினாள்.

“உக்காருங்கக்கா. சாயா குடிங்க. நாளைக்குக் காட்டப் போற படத்த எடுத்து வேல பாருங்க.”

தாணு சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். அவள் உட்கார்ந்தாள். ஒரு கையில் சாயா கிளாஸ், ஒரு கை மெஷினில். மேடை வந்தது. தூணில் செவ்வந்தி ஏறியது. மேலே சம்பங்கிச் சரம் தொங்கியது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் போட ஆரம்பித்தாள். இப்போது இருட்டாகும், இப்போது இருட்டாகும் என்று தாணு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஆகவில்லை.

“மாப்பிள வீட்டுக்காரங்க தாமர கேட்டாங்க. வைக்கட்டா?” என்று அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டு ஒரு தாமரையை வைத்தாள். வேண்டாம் என்று எடுத்தாள். சாயா தீர்ந்தது. கிளாஸ் அடியில் சர்க்கரை மட்டும் மிச்சம்.

“கொள்ளாம் அண்ணாச்சி! கண்ணாடி மாதிரி இருக்கு. கைராசிக்காரர் நீங்க!”

அதைக் கேட்டதும் தாணுவுக்குப் பொறுக்க முடியவில்லை.

“சும்மா இரும்மா! நான் உக்காந்தா இருட்டாவுது. நீயே பாரு.”

அவள் எழுந்தாள். தாணு அதே நாற்காலியில் உட்கார்ந்தார், அதே படம் நிற்க, மெஷினில் இரண்டு கையையும் வைத்தார். செவ்வந்தி, சம்பங்கி, மேடை எல்லாம் போய்விட்டது.

“ஐயோ, என் படம்!”

“பாத்தியா? ஆசான் தொட்டா எரியுது. நீ தொட்டா எரியுது. நான் தொட்டா அணையுது.” தாணு ஜெபமலர் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க ஆசானே. உங்க கையில என்ன இருக்கு? எனக்கு இல்லாதது என்ன இருக்கு உங்க கையில?”

ஜெபமலர் அவரையே பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். முழங்கையைப் பார்த்தாள். பார்வை மெதுவாக இறங்கி, லேப்டாப்பின் இடது ஓரத்தில் வந்து நின்றது.

மேஜையைப் பிடித்து எழுந்து வந்தாள். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்தாள், தூக்கினாள்.

ஸ்கிரீனில் மேடை வந்தது.

கீழே வைத்தாள். போய்விட்டது.

தூக்கினாள். வந்தது.

அப்புறம் அந்தக் கையைத் திருப்பினாள். வளையலின் அடிப்பக்கத்தில், தோலை ஒட்டி, காணாமல் போன ஸ்க்ரூ சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது.

கீழே பேக்கரியில் யாரோ தேங்காய் பன் கேட்கிற சத்தம் கேட்டது.

“செம்புல ஸ்க்ரூ ஒட்டாதே” என்றார் தாணு.

“ஒட்டாது. ரெண்டு முனையிலயும் காந்தம் வச்சிருக்கான் பாருங்க.”

“காந்தமா!”

“இந்தப் பழைய மெஷின்ல மூடிக்குள்ள ஒரு சின்னக் காந்தம் இருக்கும்ணே. மூடினா அது இந்த எடது மூலைக்கு வரும். வந்தா, சாத்திட்டாங்க, வெளக்க அணைன்னு மெஷினுக்கு அர்த்தம்.” அவள் அவருடைய கையை விட்டாள். “நீங்க வேல பாக்கக் கைய வச்சீங்க. அது, அண்ணன் கடையச் சாத்திட்டாருன்னு நெனச்சுக்கிட்டுது.”

நாகவேணி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். முடியவில்லை. பிரம்பு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“பகவதி அக்காகிட்ட நானே சொல்லணும். நானே சொல்லணும்!”

சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டே லேப்டாப்பை எடுத்து இடுப்பில் வைத்தாள். தாணு அவளைத் தடுத்து நிறுத்தி, வளையலிலிருந்து ஸ்க்ரூவைப் பிய்த்து, அதன் இடத்தில் போட்டு முறுக்கிக் கொடுத்தார். அவள் படி இறங்கிப் போகிற வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மரிக்கொழுந்து வாசம் மட்டும் கடையில் தங்கியது.

தாணு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அப்போ மெஷின் மொத நாளே சரியாயிட்டா?”

“மொத நாளே.”

“பெறவு நான் பாத்த வைத்தியம் எல்லாம்?”

“உங்க வளையலுக்குப் பாத்தீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வேறு ஒன்றும் வந்தது. அந்தச் சிவப்பு விளக்கை நினைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நன்றாக இருந்த சிப்பைச் சுட்டுப் போட்டிருப்பார்.

“உங்களுக்கு எப்பத் தெரியும் ஆசானே?”

“இப்பத்தான். நீங்க கண்ட அதே நேரத்துலதான் நானும் கண்டேன்.”

“பெறவு எப்படி அவளக் கூப்பிடச் சொன்னீங்க?”

“தெரியல. அதனாலதான் கூப்பிடச் சொன்னேன்.”

தாணு பிரம்பு நாற்காலியைப் பார்த்தார். அதன் கைப்பிடியில் காலி சாயா கிளாஸ் இருந்தது. இத்தனை நாள் அதைக் கழுவி வைத்தவர் அவர்தான்.

“அப்போ கைராசின்னு ஒண்ணும் இல்லையா?”

ஜெபமலர் தன் இரண்டு கையையும் அவருக்கு முன்னால் நீட்டி விரித்துக் காட்டினாள். விரல் எல்லாம் வீங்கிப் போயிருந்தது.

“ஒண்ணும் இல்லண்ணே. கல்யாண மோதிரங்கூட இல்ல. எறங்கலன்னு சோப்புப் போட்டுக் கழட்டி வச்சாச்சு.”

அவர் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“கேட்டதுக்குப் பதில் கெடச்சுட்டு ஆசானே. சாத்திட்டுப் போங்க. கடைய நான் கேக்க மாட்டேன். அந்தப் பிள்ள நம்பிக் குடுத்துட்டுப் போனா, நான் அத எரிக்கப் பாத்தேன்.”

ஜெபமலர் அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டு, காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

படியில் சத்தம் கேட்டது. பள்ளிக்கூட வாத்தியார் போல ஒருவர், கக்கத்தில் ஒரு கனத்த லேப்டாப்போடு, மூச்சிரைக்க ஏறி வந்தார்.

“இங்க ரிப்பேர் பாப்பாங்களா? ஸ்கிரீன் விட்டு விட்டு ஆடுது. நீங்க பாத்து வைங்க, நான் சாயங்காலம் வாரேன்.”

ஜெபமலர் விசிறிக்கொண்டிருந்தாள்.

தாணுவின் கை மெஷினை வாங்கப் போனது. பாதி வழியில் நின்றது. அவர் பிரம்பு நாற்காலியிலிருந்த கிளாஸை எடுத்தார். தோளில் கிடந்த துண்டால் நாற்காலியைத் தட்டினார்.

“உக்காருங்க சார்” என்றார்.

“எனக்கு வேல கெடக்கு...”

“அந்த வேலைய இதுலயே பாருங்க. சாயா சொல்லுதேன். சாயா வேண்டாம்னா வெந்நீர் தருவேன். உக்காராம நான் மெஷின வாங்க மாட்டேன்.”

வந்தவர் ஏதோ முனகிக்கொண்டே உட்கார்ந்தார், லேப்டாப்பைத் திறந்தார், வேலையை ஆரம்பித்தார். தாணு ஜன்னல் வழியாகக் கீழே எட்டி, “ஒரு சாயா!” என்று குரல் கொடுத்தார். பட்டாளத்துக் குரல். தெருவுக்கே கேட்டது.

திரும்பி வந்து வளையலைக் கழட்டினார். கழட்டினதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேஜை முழுக்க மெஷின். சட்டைப்பையில் வைத்தால் குனியும்போது அதே கதைதான். வீசி எறிந்தால் பகவதி விட மாட்டாள். கையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தார்.

“ஆசானே, இத எங்க வைக்க?”

“அந்த ஆணியில மாட்டுங்க.”

“அதுல கடச்சாவி கெடக்கே?”

ஜெபமலர் விசிறுவதை நிறுத்தவில்லை.

“ஒரு ஆணிதான் இருக்குண்ணே. சாவிய எடுத்துக்கிட்டு அத மாட்டுங்க.”